ஆட்டின் விலையும் அதே அளவு இன்னொரு தொகையும்: இளைஞர் மன்றங்கள் கால்நடை வழங்கும்போது

ஏழைக் குடும்பத்துக்கு ஆடு வாங்கிக் கொடுக்கலாம் என்று ஓர் இளைஞர் மன்றம் முடிவெடுத்தால், பணம் எப்படியும் சேர்ந்துவிடும். கேட்பவர் இளைஞர்கள், கேட்கும் காரணமும் எல்லாருக்கும் புரிவது. இந்த வேலையிலேயே எளிதான பகுதி அதுதான். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஓர் ஆடு செத்திருக்கும், இன்னொன்று விற்கப்பட்டிருக்கும். "கொடுத்தாலும் வைத்துப் பிழைக்கத் தெரியவில்லை" என்று குடும்பத்தின் மேல் பழி விழும். அது நியாயமில்லை. ஆட்டுக்குப் பணம் திரட்டினோமே தவிர, ஆடு வருமானம் தரும்வரை அந்த வீடு கடக்க வேண்டிய முதல் ஓராண்டுக்குத் திரட்டவில்லை. தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

காலக்கணக்கைப் பாருங்கள். வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். சினையாகாத ஆட்டைக் கொடுத்தால், அது பருவத்துக்கு வந்து, கிடாயோடு சேர்ந்து, குட்டி ஈனவே ஆறு மாதம் ஆகும். அந்தக் குட்டி விற்கும் அளவுக்கு வளர மேலும் ஆறு முதல் ஒன்பது மாதம் வேண்டும். ஆக, அந்த வீட்டுக்கு முதல் காசு வர ஓராண்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. இதற்கிடையில் யாருக்காவது காய்ச்சல் வரும், வேலையில்லாத மாதம் வரும், கடன்காரர் வாசலில் நிற்பார். வீட்டில் விற்கக்கூடிய ஒரே பொருள் அந்த ஆடு. அதை விற்பவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. அந்த நிலையில் யாரும் அதைத்தான் செய்வோம்.

கால்நடைக் கொடைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது அகதிகளுக்குப் பால் பங்கிட்டுக் கொடுக்கும் பணியில் இருந்த அமெரிக்க விவசாயி டான் வெஸ்ட், கோப்பைப் பாலைவிடப் பசுவையே கொடுப்பது நல்லது என்று எண்ணினார். 1944இல் முதல் கிடேரிகள் கப்பலேறி போர்ட்டோ ரிக்கோ போயின. இன்றைய ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் அமைப்பின் தொடக்கம் அது. வாங்கிய குடும்பம் தன் பசு ஈனும் முதல் பெண் கன்றை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. ருவாண்டா அரசு 2006இல் தொடங்கிய கிரிங்கா திட்டமும் வறிய குடும்பத்துக்கு ஒரு பசு கொடுத்து, பெண் கன்றைக் கைமாற்றச் சொல்கிறது.

வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் 2002இல் தொடங்கிய திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மிக வறிய குடும்பங்களுக்குக் கால்நடையோடு, வருமானம் வரும்வரை செலவுக்குச் சிறு தொகை, பயிற்சி, சேமிப்பு, வீடு தேடி வந்து பார்க்கும் ஊழியர் என எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தது. இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்த ஆய்வு 2015இல் சயன்ஸ் இதழில் வந்தது. திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் பயன் நிலைத்திருந்தது. ஹோண்டுராஸில் மட்டும் சொத்தின் பயன் நிற்கவில்லை. அங்கே பலர் கோழி வாங்கினார்கள், கோழிகள் நோயில் செத்துப்போயின. கானாவில் மற்ற உதவிகள் இல்லாமல் கால்நடையை மட்டும் கொடுத்த குடும்பங்களையும் தனியாகப் பார்த்தார்கள். அங்கே நிலைத்த மாற்றம் ஏற்படவில்லை. கால்நடை தானம் செய்யும் எந்த மன்றமும் முதல் கூட்டத்திலேயே பேச வேண்டிய செய்தி இது.

எவ்வளவு திரட்ட வேண்டும்

இரண்டு ஆடுகளின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நாங்கள் ஒதுக்கச் சொல்வது இது: கொட்டகைப் பொருளுக்கு 30, ஈனும் முன்னும் பின்னும் கொடுக்கும் அடர்தீவனத்துக்கும் (தானியம், புண்ணாக்கு போன்றவை) தாது உப்புக்கும் 20, தடுப்பூசி, குடற்புழு மருந்து, கால்நடை மருத்துவர் வருகை எல்லாவற்றுக்கும் 12, வண்டிக்கு 8, பல குடும்பங்களுக்கும் பொதுவான கிடாயில் இந்தக் குடும்பத்தின் பங்காக 10, ஆடு செத்தால் மாற்று வாங்க 15, மன்றத்தார் போய்வரும் செலவுக்கு 10. கூட்டினால் 105 வரும். ஆட்டின் விலை எவ்வளவோ அதே அளவு இன்னொரு தொகை தேவை. ஊருக்கு ஊர் இந்த விகிதம் மாறும். பழைய மரமும் கூரையும் கிடைக்கும் இடத்தில் கொட்டகைச் செலவு பாதியாகும், மருத்துவர் தொலைவில் இருந்தால் அந்தச் செலவு இரட்டிக்கும். ஆனால் எந்தச் செலவையும் சுழியமாக்க முடியாது.

இதனால் வரும் விளைவு மன்றத்துக்குக் கசக்கும். பத்துக் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்த பணத்தில் ஐந்து குடும்பங்களுக்குத்தான் கொடுக்க முடியும். ஐந்துக்கே கொடுங்கள். அறிக்கையில் எண்ணிக்கை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பத்து வீட்டில் அரைகுறையாகக் கொடுப்பது, அந்தப் பத்து வீட்டுக்கும் செய்யும் கெடுதல். ஆடு செத்த வீட்டில் நஷ்டத்தோடு அவமானமும் தங்கிவிடுகிறது.

ஏன் இரண்டு ஆடு என்று கேட்பவர்கள் உண்டு. ஆடு கூட்டமாக வாழும் விலங்கு. தனியாகக் கட்டினால் கத்திக்கொண்டே இருக்கும், தீனி சரியாக எடுக்காது. தவிர, ஒன்று செத்தாலும் மற்றொன்று மிஞ்சும்.

பணம் திரட்டும்போது

வழிகள் ஏராளம்: பழைய தாள், இரும்பு சேகரித்து விற்பது, நாற்றங்கால் போட்டுச் செடி விற்பது, மக்கிய எரு மூட்டை கட்டி விற்பது, வாகனம் கழுவுவது, இத்தனை பக்கம் படித்தால் அல்லது இத்தனை கிலோமீட்டர் நடந்தால் இவ்வளவு தருகிறேன் என்று உறவினரிடம் உறுதி வாங்குவது. கால்நடை வளர்க்கும் உறுப்பினர்கள் இருந்தால், அவர்கள் மன்றத்துக்கென்று ஒரு குட்டியை வளர்த்துக் கொடுப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. பணத்தோடு அனுபவமும் சேரும். ஆட்டைக் கையால் தொட்டுப் பழகாதவர்கள் வீடுவீடாகப் போய் ஆடு வளர்ப்பு சொல்லிக்கொடுக்க முடியாது.

உறுதிமொழிப் பணத்தில் ஒரு எச்சரிக்கை. நிகழ்ச்சி முடிந்த இரண்டு வாரத்துக்குள் வசூலிக்காத தொகை பெரும்பாலும் வராது. ஆகவே அட்டையில் தொகை எழுதும்போதே வாங்கும் நாளையும் எழுதிவிடுங்கள். விற்பனை நிகழ்ச்சிகளில் மொத்த வசூலை அறிவித்துவிட்டுப் பிறகு செலவைக் கழிப்பது சங்கடத்தில் முடியும். செலவு போக நின்ற தொகையை மட்டுமே சொல்லுங்கள்.

எண்ணிட்ட ரசீதுப் புத்தகம், மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாத ஏற்பாடு, உண்டியலை அன்றன்றைக்கே இருவர் சேர்ந்து எண்ணி எழுதுவது ஆகிய நான்கும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். யார் மேலும் சந்தேகம் இருப்பதால் இதைச் சொல்லவில்லை. சந்தேகம் எழுந்தால் பதினெட்டு வயதுப் பொருளாளரைக் காப்பாற்ற அந்தத் தாள்கள்தான் இருக்கும். துண்டறிக்கையில் ஒரு வரி சேருங்கள்: "சேரும் தொகை ஆடு, கொட்டகை, மருத்துவம், ஓராண்டுக் கண்காணிப்பு ஆகியவற்றுக்குச் செலவாகும். மீதி அடுத்த குடும்பத்துக்கு ஒதுக்கப்படும்." இந்த வரி இல்லாமல் "ஆடு வாங்க" என்று மட்டும் அச்சிட்டுவிட்டு, பிறகு அதில் கொட்டகைக்குச் செலவழித்தால் கொடுத்தவர் கேள்வி கேட்பார். கேட்பதில் நியாயமும் உண்டு.

உதவி பெறப்போகும் குடும்பத்தின் படத்தைப் போட்டுப் பணம் கேட்க வேண்டாம். அவர்களுடைய வறுமையை ஊரெல்லாம் காட்டி வாங்கிய ஆட்டை அவர்கள் வாசலில் கட்டினால், அந்த வீட்டுப் பிள்ளை பள்ளியில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

தொலைவில் உள்ள நாட்டுக்குக் கொடுக்க விரும்பும் மன்றங்கள் பெரிய அமைப்புகள் வழியாகத்தான் போக முடியும். அவர்களுடைய பட்டியலில் "ஒரு ஆடு" என்று போட்டிருந்தால், பொதுவாக அந்தப் பணம் மொத்தத் திட்டத்துக்குப் போகும். நீங்கள் கொடுத்த தொகைக்கென்று தனியாக ஓர் ஆடு வாங்கப்படுவதில்லை. அது தவறும் இல்லை. ஆனால் உறுப்பினர்களிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்: கொடுத்த பிறகு எத்தனை ஆண்டு வந்து பார்க்கிறீர்கள், முதல் ஓராண்டில் நூற்றுக்கு எத்தனை விலங்கு சாகிறது, தடுப்பூசி யார் போடுகிறார், குட்டி கைமாறிய கணக்கு எழுதப்படுகிறதா. சாவுக் கணக்கைத் தயங்காமல் சொல்லும் அமைப்பை நம்பலாம்.

தழையையும் தண்ணீரையும் எண்ணுவது

எந்த விலங்கு என்று முடிவு செய்யும் முன் குடும்பத்தின் வீட்டுக்குப் போய் எண்ண வேண்டியவை தழை, தண்ணீர், ஆள் நேரம் மூன்றும். 30 கிலோ எடையுள்ள ஆடு நாளொன்றுக்குத் தன் எடையில் 3 முதல் 4 சதவீதம் வரை உலர்பொருளாகத் தின்னும். பசுந்தழையாகக் கணக்கிட்டால் சுமார் 4 கிலோ. இரண்டு ஆட்டுக்கு எட்டு கிலோ, குட்டிகள் சேர்ந்தால் இன்னும் மேலே. வறண்ட மாதத்தில் இது எங்கிருந்து வரும் என்று அந்த வீட்டாரையே கேளுங்கள். பதில் "எங்கேயாவது" என்றால் விலங்கு கொடுக்கும் காலம் இன்னும் வரவில்லை. ஆடு வருவதற்கு ஆறு மாதம் முன்பே வேலியோரத்தில் அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல், மல்பெரி என்று தீவன மரங்களை நடச் சொல்லிக் கன்றுகளைக் கொடுங்கள். சூபாபுலில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது.

கன்று நட்டுக் காப்பாற்றிய குடும்பம் ஆட்டையும் காப்பாற்றும் என்பது எங்கள் மதிப்பீடு. நேர்முகத்தில் கேட்கும் எந்தக் கேள்வியைவிடவும் அந்த ஆறு மாதம் அதிகம் சொல்லும்.

தண்ணீர் ஆட்டுக்குச் சாதாரண நாளில் மூன்று நான்கு லிட்டர் போதும். வெயிலிலும் பால் கொடுக்கும்போதும் அதற்கு மேல் குடிக்கும். அதைச் சுமப்பவர் யார்? பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணும் மகளும். நாம் கொடுத்த ஆட்டினால் ஒரு சிறுமி பள்ளிக்குப் போவது நின்றால், அதைவிடக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். வேலை செய்பவர் பெயரிலேயே ஆடு இருக்கட்டும். குடும்பத்தோடு மன்றம் எழுதும் ஒப்பந்தத்தில் பெண்ணின் பெயரை எழுதுங்கள்.

பசு பற்றிய ஆசை எல்லா மன்றத்துக்கும் வரும். கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 25 கிலோவுக்கு மேல் பசுந்தீவனம், 50 லிட்டர் அளவில் தண்ணீர், கறந்த சில மணி நேரத்தில் பாலை வாங்கிக்கொள்ளும் ஆள் ஆகிய மூன்றும் வேண்டும். சினைக்காலம் 280 நாளை ஒட்டியது, ஈனும் முன் இரண்டு மாதம் பால் வற்ற விட வேண்டும். அந்த இரண்டு மாதமும் செலவு மட்டும்தான். நிலமும் பால் வாங்கும் வசதியும் இருந்தால் பசு தினமும் காசு தரும். இல்லையென்றால் ஒரே சாவில் எல்லாம் போய்விடும். நிலமே இல்லாத வீட்டுக்குக் கோழி பொருத்தம். ஐந்து பெட்டை, ஒரு சேவல் போதும். ஆனால் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து இல்லாமல் கோழி கொடுப்பது வீண். வெப்பம் தாங்கும் ஐ-2 வகை மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டாக விடலாம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப விட வேண்டும். விடாவிட்டால் ஒரு வாரத்தில் கூண்டு காலியாகும்.

குடும்பம் "எங்களுக்கு ஆடு வேண்டாம், தையல் இயந்திரம் போதும்" என்று சொன்னால் அதைக் கேளுங்கள். யாரும் பார்த்துக்கொள்ள நேரமில்லாத வீட்டில் விலங்கு சுமையாகிவிடும். தேர்வு பொதுக்கூட்டத்தில், முன்கூட்டியே எழுதி ஒட்டிய அளவுகோல்படி நடக்கட்டும். மன்ற நிர்வாகிகளின் உறவினர் அந்தச் சுற்றில் இருக்கக் கூடாது.

கொட்டகை முதலில், ஆடு பிறகு

தரையிலிருந்து 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் உயரத்தில் பரண், பலகைகளுக்கு நடுவே ஒன்றரை செ.மீ. இடைவெளி. சாணமும் சிறுநீரும் கீழே விழும், ஆடு காய்ந்த தரையில் படுக்கும். இடைவெளி இரண்டு செ.மீ. தாண்டினால் குட்டியின் கால் மாட்டி முறியும். குறைந்தால் சாணம் அடைத்துக்கொள்ளும். ஓர் ஆட்டுக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் இடம் வையுங்கள். சுவரை முழுக்க அடைக்காதீர்கள். மூடிய கொட்டகையில் தேங்கும் மூத்திர நெடி நுரையீரலைக் கெடுத்துச் சளிக்காய்ச்சல் கொண்டுவரும். மழைச்சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் தடுப்பு, மேலே ஒழுகாத கூரை, நாய் நரி நுழையாத கதவு இருந்தால் போதும். தீவனத்தைத் தொட்டியில் அல்லது தொங்கும் கட்டாக உயரத்தில் வைக்க வேண்டும். தரையில் போட்ட தழையை ஆடு மிதித்து, அதன் மேலேயே சாணமிட்டு, பிறகு அதைத் தின்றால் குடற்புழு அங்கேயே சுற்றும்.

கட்டும் வேலையைக் குடும்பமும் மன்றத்து இளைஞர்களும் சேர்ந்து செய்வது நல்லது. கொட்டகை முடியாத வீட்டுக்கு ஆடு போகக் கூடாது என்ற விதியில் தளர்வே வேண்டாம். "அடுத்த வாரம் முடித்துவிடுவோம்" என்ற சொல்லை நம்பிக் கொடுத்த ஆடு முதல் மழையில் நனையும்.

வாங்கும் நாள்

மழை ஓய்ந்து தழை செழித்திருக்கும் மாதங்களில் வாங்குங்கள். பல ஊர் ஆடுகள் கலக்கும் சந்தையில் மொத்தமாக ஓட்டிவருவதை முடிந்தவரை தவிர்த்து, அதே தட்பவெப்பம் உள்ள பக்கத்து ஊர்களில் வளர்த்தவரிடமே வாங்குவது மேல். சந்தையில் ஆட்டுக்கொல்லி நோயும் வாய்ப்புறக் கொப்புளமும் ஒட்டிக்கொண்டு வரும். உள்ளூர்ச் சூழலுக்குப் பழகிய ஆடு சிறியதாக இருந்தாலும் பிழைக்கும். பெரிய உடல், அதிகப் பால் என்று வெளியிலிருந்து கொண்டுவந்த இனத்துக்கு அதற்கேற்ற தீனி கொடுக்க வசதி வேண்டும்.

வாயைத் திறந்து கீழ்த்தாடை முன்பற்களைப் பாருங்கள். இரண்டு நிலைப்பற்கள் என்றால் ஒன்றரை வயதுக்குள், நான்கு என்றால் இரண்டு வயது அளவில். இந்த வயதில் உள்ளவையே கொடுக்கத் தக்கவை. எட்டும் முளைத்துத் தேய்ந்திருந்தால் விலை மலிவாக இருந்தாலும் வேண்டாம். கீழ் இமையை விலக்கினால் உட்புறம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழு இருக்கலாம். மடியை அழுத்திப் பாருங்கள்: இரண்டு காம்பும் சமமாக, கட்டியில்லாமல் இருக்க வேண்டும். மடிநோய் வந்து போன ஆடுகளும் சந்தைக்கு வரும். நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று பாருங்கள். புழுக்கை உருண்டையாக, வால்புறம் சுத்தமாக இருக்கட்டும்.

இரண்டு மூன்று மாதச் சினை ஆடு கிடைத்தால் ஈனும்வரை காத்திருக்கும் காலம் பாதியாகும். ஈனும் கடைசி மாதத்தில் இருப்பதை வண்டியில் ஏற்ற வேண்டாம், கருச்சிதைவு ஆகலாம். விடியற்காலையில் ஏற்றுங்கள், தரையில் வைக்கோல் பரப்புங்கள், கால்களைக் கட்டிப் போட்டுக் கொண்டுவராதீர்கள்.

வாங்கியவுடன் வீடுவீடாகப் பிரித்துக் கொடுத்துவிடும் ஆசையை அடக்க வேண்டும். எல்லா ஆடுகளையும் ஓரிடத்தில் குறைந்தது 21 நாள் தனித்து வைத்துப் பாருங்கள். நோய் இருந்தால் பெரும்பாலும் அந்த நாட்களில் வெளியே தெரியும். தெரியாமல் கொடுத்தால் அந்த ஊரில் ஏற்கெனவே இருக்கும் ஆடுகளுக்கும் பரவும். உதவி செய்யப் போய் ஊரின் மந்தையையே அழித்த பழி வரும். தடுப்பூசிகளும் இந்த நாட்களிலேயே முடியட்டும். ஆட்டுக்கொல்லிக்கு ஒரு ஊசி. அதன் பாதுகாப்பு மூன்று ஆண்டு நிற்கும். குடலில் நச்சு பெருகித் திடீரென்று கொல்லும் துள்ளுமாரி நோய்க்கு முதல்முறை என்றால் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. சினையில் இருப்பவற்றுக்கு எதை எப்போது போடலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆட்டுக்கொல்லித் தடுப்பு மருந்துக் குப்பி 25, 50, 100 ஆட்டுக்கான அளவுகளில் வரும். பனிக்கட்டியிலேயே வைத்திருந்து, கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்து ஆட்டுக்காகக் குப்பியை உடைத்தால் மீதி வீண். அதே நாளில் அக்கம்பக்கத்து ஆடுகளையும் வரச் சொல்லுங்கள். நம்முடைய ஆடுகளுக்கும் அது பாதுகாப்பு.

குடற்புழு மருந்தை எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். கண்ணளவில் குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் என்ற புழு மருந்து கூடாது, குட்டி ஊனமாகலாம். எப்போது சினையானது என்று தெரியாத ஆட்டுக்கு எந்த மருந்து என்று மருத்துவரைக் கேட்டே கொடுங்கள்.

முதல் வாரம்

கொடுத்த முதல் வாரத்தில் சாகும் ஆடுகளில் பல, அன்பினால் சாகின்றன. புதிதாக வந்த ஆட்டுக்கு வீட்டில் இருக்கும் நல்ல பொருளையெல்லாம் வைப்பார்கள்: தானியம், மாவு, வேகவைத்த மிச்சம். தழை தின்று பழகிய இரைப்பையில் திடீரென்று மாவுப்பொருள் நிறையப் போனால் அமிலம் பெருகி, ஆடு படுத்து, ஓரிரு நாளில் செத்துவிடும். எந்தத் தீவன மாற்றமும் ஏழு முதல் பத்து நாளில் சிறிது சிறிதாக நடக்க வேண்டும் என்பதைக் கொடுக்கும் அன்றே வீட்டில் உள்ள எல்லாருக்கும், குறிப்பாகப் பாட்டி தாத்தாவுக்கும் சிறுவர்களுக்கும், சொல்லுங்கள். தனித்து வைத்த இடத்தில் தின்ற தீவனத்தையே ஒரு வாரத்துக்குக் கட்டிக் கொடுத்தனுப்பினால் இந்தச் சாவு குறையும். பூக்காத இளம் சோளப்பயிரும் வாடாத மரவள்ளி இலையும் விஷம் என்பதும் அன்றைய பாடத்தில் இருக்கட்டும்.

மேய்ச்சலுக்கு விடுவதானால் பனி காய்ந்த பிறகு விட வேண்டும். ஈரப்புல்லின் நுனியில்தான் புழுக்குஞ்சுகள் ஏறி நிற்கும். பக்கத்து நிலத்தில் ஆடு மேய்ந்துவிட்டால் வரும் சண்டை நோயைவிட வேகமாக அந்த ஆட்டை விற்கவைக்கும். அதனால் முதல் மூன்று மாதம் கொட்டகையில் வைத்தே தீனி போடுவது நல்லது.

வருகை அட்டை

ஒவ்வொரு குடும்பத்துக்கும் மன்றத்திலிருந்து இருவர் பொறுப்பு. கொடுத்த 3ஆம் நாள், 10ஆம் நாள், 30ஆம் நாள், பிறகு மாதம் ஒருமுறை, ஈனும் வாரத்தில் இருமுறை போக வேண்டும். இளைஞர் மன்றத்தில் படிப்புக்கும் வேலைக்கும் ஊரை விட்டுப் போவது இயல்பு. ஒருவர் போனாலும் மற்றவர் புதியவரை அழைத்துக்கொண்டு போய் அறிமுகப்படுத்தலாம். அதனால்தான் இருவர். அட்டையில் எழுத வேண்டியது அதிகமில்லை: இமையின் நிறம், உடல் தேறியிருக்கிறதா, புழுக்கை எப்படி, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, கடைசியாகக் கிடாயோடு சேர்ந்த தேதி. இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் புழு மருந்து கொடுங்கள், எல்லாவற்றுக்கும் வழக்கமாக ஊற்ற வேண்டாம்.

ஈன்ற குட்டிக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும். முதல் நாளுக்குள் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு; இரண்டு கிலோ குட்டி என்றால் 200 மில்லி. சீம்பாலைக் கறந்து கொட்டும் பழக்கம் உள்ள வீட்டில் இதை ஈனும் முன்பே பேசிவிட வேண்டும். தொப்புள்கொடியில் அயோடின் வையுங்கள். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்கு மேல் விழாவிட்டால் இழுக்காமல் மருத்துவரை அழையுங்கள். கருச்சிதைவு ஆனதை வெறுங்கையால் தொடக் கூடாது, கர்ப்பிணிப் பெண்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. புருசெல்லோசிஸ் போன்ற நோய்கள் அப்படித்தான் மனிதருக்கு வரும். பாலையும் காய்ச்சியே குடிக்க வேண்டும்.

சத்தமில்லாமல் திட்டத்தைக் கெடுப்பது கிடாய் இல்லாத குறை. ஆடு 21 நாளுக்கு ஒருமுறை, ஓரிரண்டு நாள் மட்டும் பருவத்தில் இருக்கும். அந்த நேரத்தில் நடந்துபோகும் தூரத்தில் கிடாய் இல்லையென்றால் இன்னொரு மூன்று வாரம் போச்சு. இப்படியே அரை ஆண்டு வீணாகி, "இது மலட்டு ஆடு" என்று விற்றுவிடுவார்கள். 20 முதல் 25 ஆட்டுக்கு ஒரு கிடாய் போதும். அதை வளர்ப்பவருக்குத் தீவனச் செலவும் ஒவ்வொரு முறை சேர்ப்பதற்கும் ஒரு தொகையும் முறையாகக் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிடாய் மெலிந்து பயனற்றுப் போகும். அதன் மகள்கள் பருவத்துக்கு வரும் முன் வேறு ஊர் மன்றத்தோடு கிடாயை மாற்றிக்கொள்ளுங்கள்.

விற்பதும் கைமாற்றுவதும்

ஆட்டை விற்கவே கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினால் இரகசியமாக விற்பார்கள், அதன்பின் நம் முகத்தைப் பார்க்கவும் கூசுவார்கள். "அவசரம் வந்தால் விற்கும் முன் மன்றத்திடம் சொல்ல வேண்டும்" என்று எழுதுங்கள். சொன்னால் கொடுக்க ஒரு சிறு அவசரக் கடன் நிதி இருக்கட்டும். கடாக்குட்டிகளை அவர்கள் விருப்பப்படி விற்கலாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அது அவர்கள் உழைத்துச் சம்பாதித்தது.

கைமாற்ற வேண்டியது பிறக்கும் முதல் பெட்டைக்குட்டி. தாய்ப்பால் மறந்து, தடுப்பூசி போட்டு, ஆறு மாதம் ஆனபின் கொடுத்தால் போதும். முதல் ஈற்றில் கடா மட்டும் பிறந்தால் அடுத்த ஈற்றுவரை கேட்கக் கூடாது. கவனக்குறைவு இல்லாமல் தாய் ஆடு செத்தால் கடமை நீங்கும், மாற்று ஆடு வாங்க ஒதுக்கிய தொகையிலிருந்து மாற்று வரும். கவனக்குறைவா இல்லையா என்பதை மன்றத்தார் மட்டும் முடிவு செய்யாமல், மருத்துவரும் உதவி பெற்ற இன்னொரு குடும்பமும் சேர்ந்து பார்க்கட்டும்.

அடுத்து வாங்கப்போகும் குடும்பத்தை ஆடு கொடுக்கும் நாளிலேயே தேர்ந்து, இரு வீட்டையும் அறிமுகப்படுத்திவிடுவதில் பெரிய பலன் இருக்கிறது. காத்திருக்கும் வீட்டார் அடிக்கடி வந்து பார்ப்பார்கள், தழை வெட்டிக் கொண்டுவருவார்கள், இருமினால் முதலில் கவனிப்பார்கள், தங்கள் கொட்டகையையும் அதற்குள் கட்டி முடிப்பார்கள். நலிந்த குட்டியைத் தள்ளிவிடும் பிரச்சினையும் இதனால் குறைகிறது. ஈற்றில் இரண்டு பெட்டை பிறந்தால் எதை எடுப்பது என்று காத்திருந்த குடும்பம் சொல்லட்டும். ஒரு பெட்டைதான் என்றால் கைமாறும் நாளில் குறைந்தது எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, அன்றைக்கு எல்லார் முன்னிலையிலும் தராசில் நிறுத்துக் கொடுங்கள். குட்டி வாங்கும் குடும்பத்துக்கும் துணைக்கு இன்னொரு ஆடு வேண்டும். அதை முன்பே உதவி பெற்ற வேறொரு குடும்பத்தின் குட்டியிலிருந்தோ மன்றத்தின் மீதித் தொகையிலிருந்தோ அதே வாரத்தில் சேர்த்துவிடுங்கள்.